மாரியம்மாள் பிடித்துக்கொடுத்த இறால்கள்

முதல் நாள் வலை போட்டுப் பிடித்த நூறு இறாலில் எண்பத்தொன்று மதியச் சாப்பாட்டுக்குள் செத்துப்போயின. மறுநாள் தொட்டித் தண்ணீரை இரண்டு முறை மாற்றினேன், மேலே ஈரச் சாக்கைப் போர்த்தினேன். எழுபத்தாறு செத்தன. மூன்றாம் நாள் எண்ணவே மனசு வரவில்லை. மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிக் கிடக்கும் கழுவெளி என்ற உப்பங்கழிக் கரையில், ஒரு தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே, தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். 1974, ஐப்பசி கடைசி.

அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பில் வளர்ந்தவன் நான். கடலும் மீனும் எனக்குச் சம்பளத்தோடு வந்து சேர்ந்தவை. மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் களப்பணியாளன். விஞ்ஞானிகள் திட்டம் போடுவார்கள், குழந்தைசாமியாகிய நான் போய் அளந்துகொண்டு வருவேன். பதினைந்து வருஷமாக அதுதான் என் வேலை.

இந்த முறை கொடுத்த வேலை இறாலுக்கு அடையாளம் குத்தி விடுவது. மெட்ராஸிலிருந்து ஐஸ் வேன்கள் கரைகரையாக வந்து இறாலை அள்ளிப்போன காலம் அது. நேற்றுவரை யாரும் மதிக்காத இறாலுக்காக எல்லா வலையும் திரும்பியிருந்தது. எவ்வளவு பிடித்தால் அடுத்த வருஷமும் அதே அளவு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள முதலில் இறாலின் போக்குவரத்து தெரியவேண்டும். கழுவெளியில் சின்ன இறால் கிடைக்கிறது, வெளியே கடலில் பெரிய இறால் கிடைக்கிறது. இங்கே வளர்ந்ததுதான் அங்கே போகிறதா, எத்தனை நாளில் போகிறது, எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதை எண்ணிக்கையாக யாரும் காட்டியதில்லை. உயிருள்ள இறாலின் முதுகில் சட்டைப் பொத்தானில் பாதி அளவுள்ள நீலத் தட்டு ஒன்றை மெல்லிய கம்பியால் குத்தி, நீளத்தை அளந்து எழுதிக்கொண்டு தண்ணீரில் விடவேண்டும். தட்டில் ஒரு எண் இருக்கும். அந்த எண் எங்கே, எப்போது திரும்பக் கிடைக்கிறது என்று பார்க்கவேண்டும். கேட்க எளிய வேலை. ஆனால் இறால் செத்துக்கொண்டிருந்தது.

அந்த வழியாகத் தலையில் பறியை, ஓலையில் முடைந்த மீன்கூடையை, கவிழ்த்தபடி போன ஒரு பெண் நின்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு இறாலை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வலையில மாட்டினது சார் இது. காலெல்லாம் ஒடிஞ்சிருக்குது. உயிரோட எத்தினி வேணும் உங்களுக்கு?"

நூறு வேண்டும் என்றேன். சரி என்றோ முடியாது என்றோ சொல்லாமல் போய்விட்டார். பதினோரு மணி வாக்கில் ஒரு மண்பானையோடு திரும்பி வந்தார். பானைக்குள் கழுவெளித் தண்ணீர், கொஞ்சம் பாசி, நூற்றுப் பன்னிரண்டு இறால். அந்தி சாயும்வரை நான்கு மட்டுமே செத்தன.

அவர்தான் மாரியம்மாள்.

அந்தக் கரையில் பெண்கள் இறால் பிடிப்பதை நான் அதற்கு முன் சரியாகக் கவனித்ததில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாகக் குந்தி, இரண்டு கையையும் சேற்றில் விரித்துத் தடவிக்கொண்டே நகர்வார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். கையில் இறால் தட்டுப்பட்டதும் பறிக்குள் விழும். பறிக்குள் விழுவது கொஞ்ச நேரத்தில் செத்துவிடும், குழம்புக்கும் சந்தைக்கும் அது போதும். எனக்காக மாரியம்மாள் பறியை விட்டுவிட்டு, ஒரு பானையைக் கயிற்றால் இடுப்பில் கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போனார். அது அவராகவே யோசித்துச் செய்தது. நான் கேட்கக்கூட இல்லை.

அவருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். தை பிறந்து வெயில் ஏறினால் உப்பளத்தில் வேலை. ஐப்பசியில் மழை இறங்கிப் பாத்திகள் எல்லாம் முழுகிவிட்டால் உப்பளத்தில் யாருக்கும் வேலை இல்லை. அடுத்த மூன்று மாதம் கழுவெளி இறால்தான் சோறு. ஒரே மகளைப் பிரம்மதேசத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். கணவர் பாவாடையும் உப்பளத்துக்காரர்தான், ஆனால் உப்புத்தண்ணீர் அவருடைய வலது காலைத் தின்றிருந்தது. குதிகாலில் பிளந்த புண் இரண்டு வருஷமாக ஆறவில்லை. நான் அங்கே போய்ச் சேர்ந்த அந்த வருஷம் அவர் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்.

மாரியம்மாளையும் இன்னும் இரண்டு பெண்களையும் தினக்கூலிக்குச் சேர்த்துக்கொண்டேன். காலையில் அவர்கள் பிடித்துவருவார்கள். நான் அளவுப்பலகையில் வைத்து நீளம் பார்ப்பேன், ஆணா பெண்ணா பார்ப்பேன், தட்டைக் குத்துவேன். கம்பி போகிற இடம் அரை மில்லிமீட்டர் தப்பினாலும் இறால் பிழைக்காது. பத்தாம் நாள் மாரியம்மாள் நான் குத்துவதை உற்றுப் பார்த்துவிட்டு, இறாலைப் பிடிக்கிற என் இடது கை அதை நசுக்குகிறது என்றார். அதிலிருந்து அவர் பிடித்துக்கொள்வது, நான் குத்துவது என்றானது.

குத்தியதால் மட்டும் எத்தனை சாகும் என்பதும் எங்களுக்குத் தெரியவேண்டும். அது தெரியாமல், திரும்பி வராதவற்றைக் கடல் கொண்டுபோனதா, எங்கள் கம்பி கொன்றதா என்று சொல்ல முடியாது. அதற்காகத் தண்ணீருக்குள் ஒரு மூங்கில் கூண்டு வைத்து, தட்டுக் குத்திய ஐம்பதையும் குத்தாத ஐம்பதையும் அதில் விட்டுவைத்தோம். பத்து நாளில் குத்தியவற்றில் ஏழு, குத்தாதவற்றில் ஐந்து செத்தன. அந்தக் கணக்கைப் பார்த்த என் நிலையத்து மேலதிகாரி, மற்ற இடங்களில் பாதிக்கு மேல் செத்துப்போவதாகவும் நான் எப்படிச் சமாளித்தேன் என்றும் கேட்டு எழுதினார். கையால் பிடித்த இறால் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன்.

ஜனவரி முடிய ஆயிரத்து நூற்று நாற்பது இறாலுக்கு எண் குத்தி விட்டிருந்தோம். கழுவெளி கடலில் சேரும் முகத்துவாரத்தில் வலை கட்டுகிறவர்களிடமும், கடற்கரையில் கூனிமேட்டிலும், அனுமந்தைக் குப்பத்திலும் நோட்டீஸ் ஒட்டினேன். நீலத் தட்டுள்ள இறாலைக் கொண்டுவந்து, பிடித்த நாளையும் இடத்தையும் சொல்பவருக்கு ஒரு ஈரிழைத் துண்டு பரிசு. அறுபது துண்டுகள் வாங்கி என் அறையில் அடுக்கிவைத்திருந்தேன்.

பிப்ரவரி முழுக்க ஒரு துண்டும் போகவில்லை. முகத்துவாரத்துக்குப் போய்க் கேட்டால் அப்படி ஒன்றும் கண்ணில் படவில்லை என்றார்கள். அனுமந்தைக் கரையில் கேட்டாலும் அதே பதில்தான். மாசக் கடைசியில் அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. மார்ச் முடிவதற்குள் ஒன்றாவது திரும்பாவிட்டால் அடுத்த பருவத்துக்கு இந்த வேலை கிடையாது, வேறு இடம் பார்க்கவேண்டியதுதான் என்று. அவர் மேல் தவறில்லை. ஆயிரத்துக்கு ஒன்றுகூட வராத சோதனையை யாரும் தொடரமாட்டார்கள்.

மாரியம்மாள் அப்போது உப்பளத்துக்குத் திரும்பியிருந்தார். வரப்பில் நின்று விஷயத்தைச் சொன்னேன். உப்பு வாரும் பலகையைச் சாய்த்துவைத்துவிட்டு, நோட்டீஸை யார் படித்திருப்பார்கள் என்று கேட்டார். கரையில் இருப்பவர்கள் படித்திருப்பார்கள் என்றேன். எறாவுக்குத் தலை கிள்ளுவது பொம்பளைகள்தானே, அவர்களிடம் கேட்டீர்களா என்றார். நான் கேட்டிருக்கவில்லை. படகிலிருந்து இறங்குகிற ஆண்களிடம் மட்டும்தான் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு, உப்பளம் லீவு நாளில், அவர் தனியாக அனுமந்தைக்கு நடந்துபோனார். நான் வந்தால் பேசமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். அங்கே நடந்ததை அவரே பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அங்கே அருள்மேரி என்ற பெண் வியாபாரிக்கு இறால் தலை கிள்ளுகிற வேலையில் இருந்தார். கட்டுமரக்காரர் கஸ்பாரின் மனைவி. பத்துப் பன்னிரண்டு பெண்களுக்கு அவர்தான் தலைமை மாதிரி. மாரியம்மாள் அவரோடு உட்கார்ந்து ஒரு கூடை இறாலுக்குத் தலை கிள்ளிக்கொடுத்தபடியே பேச்சுக் கொடுத்திருக்கிறார். நீலத் தட்டு என்றதும் அருள்மேரி எழுந்துபோய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தார். பதினொரு தட்டுகள். இன்னும் கிடைத்ததாம், சிலதைத் தூக்கி எறிந்துவிட்டார்களாம். அரசாங்கம் எறாவுக்கு நம்பர் போடுகிறது, நம்பர் போட்டால் அடுத்து வரி போடும் என்று குப்பத்தில் பேச்சு. யார் வலையில் வந்தது என்று தெரிந்தால் அவன் வீட்டுக்குத்தான் முதலில் வருவார்கள் என்று பயந்து, கண்டதையும் காணாத மாதிரி இருந்திருக்கிறார்கள்.

மாரியம்மாள் தன்னுடைய கூலியைச் சொல்லி, பாவாடையின் காலைச் சொல்லி, தங்களைப் போன்றவர்களுக்குக் கூலி கொடுக்கும் நான் வரி போடுகிற ஆள் இல்லை என்று புரியவைத்திருக்கிறார். அதன் பிறகு அருள்மேரிக்கு ஒரே அக்கறை, எப்படியாவது உதவவேண்டும் என்று. எது எந்த நாளில் வந்தது என்று அவருக்கும் நினைவில்லை.

"எல்லாம் போன வாரம் வந்ததுன்னு எழுதிக்கச் சொல்லு. யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றாராம் அருள்மேரி.

"வேணாம்க்கா. நாம சொன்னா அவரு அப்படியே நம்பிருவாரு. அது மேலதான் அத்தனை கணக்கும் போடுவாரு."

அன்று மாலை அந்தப் பதினொரு தட்டையும் என் முன்னால் வைத்து, "இதுக்கெல்லாம் நாள் இல்ல சார். அனுமந்தையில கெடச்சிது, அவ்ளோதான் தெரியும்" என்றார்.

எனக்கு அவ்வளவே பெரிய விஷயம். எண்களைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தேன். பதினொன்றும் எங்கள் கழுவெளியில் நானும் அவருமாகக் குத்தி விட்டவை. உள்ளே வளர்ந்தது வெளியே போகிறது. வளர்ச்சிக் கணக்குக்கு அவை உதவாது, ஆனால் வழி தெரிந்துவிட்டது. மாரியம்மாள் பொய்த் தேதியோடு வந்திருந்தாலும் நான் நம்பித்தான் இருப்பேன். நம்பி, மெட்ராஸுக்குக் கணக்கு அனுப்பியிருப்பேன்.

மறு ஞாயிறு பூசை முடிந்ததும் அனுமந்தைப் பங்குச் சாமியார் கோயிலிலேயே அறிவித்தார். அது அருள்மேரி செய்த ஏற்பாடு. வரி இல்லை, யாருடைய வலையையும் யாரும் எடுக்கப் போவதில்லை, தட்டு கிடைத்தால் நாளையும் இடத்தையும் குறித்துக் கொடுங்கள் என்று. ஐந்தாம் நாள், மார்ச் பதினான்கு, கஸ்பாரே சைக்கிளில் வந்தார். வாழையிலையில் சுற்றிய இறாலை என் பலகையில் வைத்தார். எண் தொள்ளாயிரத்து ஏழு. காலை ஏழு மணிக்கு, ஊருக்கு நேர் கிழக்கே, ஏழு பாகம், அதாவது நாற்பதடி, ஆழத்தில் பிடித்தது என்று வாயால் சொன்னார். ஜனவரி பத்தொன்பதில் நாங்கள் விட்டபோது அது அறுபத்தெட்டு மில்லிமீட்டர். இப்போது நூற்று இருபத்தொன்று. ஐம்பத்துநாலு நாளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் துண்டைக் கஸ்பாரின் தோளில் நானே போட்டேன். அதைப் போட்டுக்கொண்டே அவர் ஊருக்குள் போனதைவிடப் பெரிய நோட்டீஸ் வேறு இல்லை.

மே மாதத்துக்குள் இருபத்துமூன்று வந்துவிட்டன. அடுத்த பருவத்துக்கு அனுமதியும் வந்தது. இதற்கிடையில் அருள்மேரி இன்னொரு காரியமும் செய்தார். பாவாடையை வண்டியில் ஏற்றிவரச் சொல்லி, கன்னியாஸ்திரிகள் நடத்திய சிறு மருத்துவமனையில் காட்டினார். ஆறு வாரம் கட்டு மாற்றினார்கள். வைகாசியில் அவர் நடந்தார். மாரியம்மாள் என்னிடம் அதைச் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. தட்டு தேடப் போன இடத்தில் கால் கிடைத்தது சார் என்றார்.

ஆனால் இறால் உள்ளிருந்துதான் வருகிறது என்று நாங்கள் காட்டியதற்கு வேறொரு விளைவும் இருந்தது. அதை நான் எதிர்பார்த்திருக்கவேண்டும்.

1975 கார்த்திகையில் மறுபடி வேலை தொடங்கியபோது அனுமந்தையில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. நம்ம எறாவைக் குஞ்சிலேயே கழுவெளிக்காரர்கள் பிடித்துத் தின்கிறார்கள், அவர்களைத் தண்ணீரில் இறங்கவிடக் கூடாது என்று. முன்னால் நின்று அதைப் பேசியவர் கஸ்பார். மீன்வள அலுவலகத்துக்கு மனுவும் போய்விட்டது. மனுவோடு எங்கள் கண்டுபிடிப்பையும் சேர்த்து எழுதியிருந்தார்கள்.

கழுவெளிப் பெண்களுக்கு விஷயம் எட்டியதும் அவர்கள் மாரியம்மாளோடு பேசுவதை நிறுத்தினார்கள். நீதானே பிடித்துக் கொடுத்தாய், நீதானே அனுமந்தைக்குப் போய் வழி காட்டினாய் என்று. அவர் தண்ணீரில் இறங்கினால் வரிசை அவரை விட்டுத் தள்ளிப் போனது. கூட வேலை செய்த இரண்டு பெண்களும் நின்றுவிட்டார்கள். மூன்று நாள் மாரியம்மாளும் வரவில்லை. நாலாம் நாள் வந்து, கூரைக்கு வெளியே நின்றபடியே கேட்டார்.

"உண்மையச் சொல்லுங்க சார். இதனால எங்கள தண்ணியில எறங்க வேணாம்னு சொல்லிருவாங்களா?"

தெரியாது என்றேன். சொன்னாலும் சொல்லலாம், தடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லை என்றேன்.

அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்தார். அளவுப்பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறாவ அளந்தீங்க. கடல அளந்தீங்க. எங்க கைய அளந்தீங்களா? நாங்க எத்தினி புடிக்கிறோம், முகத்துவாரத்துல வலை எத்தினி புடிக்குது, அதையும் அளந்துட்டு அப்புறம் பேசச் சொல்லுங்க."

பதினைந்து வருஷம் இந்த வேலையில் இருந்தவன் நான். எங்கள் திட்டத்தில் அந்தக் கேள்வி இல்லை. அன்றே அதிகாரிக்கு எழுதினேன். அவர் பெரிய மனசுக்காரர், ஒரு வாரத்தில் சரி என்று பதில் போட்டார்.

எல்லா நாளும் எல்லோரையும் எடை போட ஆள் இல்லை. அதனால் எந்த நாள், யாருடைய பறி என்பதைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்பது வழக்கம். நாமாக நாள் பார்த்தால் நம் ஆசை அதில் கலந்துவிடும். மாரியம்மாள் வீடு வீடாகப் போய் இதைச் சொன்னார். பதின்மூன்று பெண்கள் ஒத்துக்கொண்டார்கள், அவரோடு பதினான்கு. சீட்டை அவர்கள் கையாலேயே எடுக்கச் சொன்னேன். அறுபது நாளில் இருபது நாள் விழுந்தது.

முகத்துவாரத்தில் முப்பத்தொரு வலை. நெருக்கமான கண்ணுள்ள வலைகள், கொசுகூடத் தப்பாது என்பார்கள். அங்கே வலை கட்டும் உரிமையை ஏலம் எடுத்தவர் பிரம்மதேசத்துச் சக்கரபாணி. என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்துத்தான் போனேன். கேட்டுவிட்டு, எடை போடுவதால் எனக்கென்ன குறைந்துவிடும், போட்டுக்கோங்க என்றார். சீட்டில் விழுந்த நாட்களில் விடியற்காலை அங்கே, காலை பத்து மணிக்குக் கழுவெளிக் கரையில் என்று தராசோடு சைக்கிளில் அலைந்தேன். நீலத் தட்டுக்குத் துண்டு கிடைக்கிறது என்ற செய்தி வலைக்காரர்களுக்கும் எட்டியிருந்ததால் அவர்களும் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொடுத்தார்கள்.

ஒருநாள் ஜெயா என்ற பெண்ணின் பறியை எடை போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். முக்கால் கிலோகூட இல்லை. மாரியம்மாள் அவள் முந்தானையைப் பார்த்தார். முந்தானையை அவிழ்க்கச் சொன்னார். அதில் இன்னும் அதே அளவு இறால் இருந்தது. குறைவாகக் காட்டினால் நமக்குத்தானே நல்லது என்று ஜெயா மெல்லச் சொன்னாள். மாரியம்மாள் கோபப்படவில்லை. இருக்கிறதைச் சொல்லி ஜெயிக்க முடியாவிட்டால் ஒளித்துவைத்தும் ஜெயிக்க முடியாது, நாளைக்கு அவங்க வந்து அளந்தால் நம்ம பதினாலு பேரும் பொய்க்காரிதான் என்றார். ஜெயா தராசுத் தட்டில் கொட்டினாள். புது எடையை எழுதினேன்.

கூட்டம் 1976 ஏப்ரலில், மரக்காணத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. மீன்வள அதிகாரி ஒருவர் நாற்காலியில், அனுமந்தைக்காரர்கள் ஒரு பக்கம், வலைக்காரர்களோடு சக்கரபாணி ஒரு பக்கம், சுவரோரம் கழுவெளிப் பெண்கள். என்னை வாசிக்கச் சொன்னார்கள். அந்தப் பருவத்தில் இரண்டாயிரத்து அறுபது இறாலுக்கு எண் குத்தி விட்டோம். பெண்களின் கையில் திரும்பக் கிடைத்தவை முப்பத்தொன்று. முகத்துவார வலையில் நானூற்றுப் பன்னிரண்டு. கடலில் தொண்ணூற்றேழு. எடைக் கணக்கும் அதையே சொன்னது. பதினான்கு பேரின் எடையை வைத்துக் கணக்கிட்டால், கரையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து பருவம் முழுக்கப் பிடித்ததை, முகத்துவார வலைகள் அமாவாசையை ஒட்டிய ஒரு வாரத்திலேயே பிடித்துவிட்டன. ஓதம் வற்றிக் கடலுக்கு இறங்கும் தண்ணீரின் வேகத்தில் இறால் கூட்டமாகக் கடலுக்குப் போகிற நாட்கள் அவை.

பிறகு வலைக்காரர்களில் ஒருவர், எடை போட்டதே அந்தப் பொம்பளைகளை வைத்துத்தானே, இதை எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் சீட்டுக் குலுக்கியதைச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் கஸ்பார் எழுந்தார்.

"மனு போட்டவன் நான்தான். ஆனா ஒண்ணு சொல்றேன். போன வருசம் இந்தம்மா எங்க வூட்டுக்கு வந்தப்ப, தேதிய இஷ்டத்துக்கு எழுதிக்கச் சொன்னா எம் பொண்டாட்டி. இந்தம்மா எழுதல. அன்னிக்கு எழுதாதவங்க இன்னிக்குப் பொய் எடை போட மாட்டாங்க. மனுவ நான் திருப்பி வாங்கிக்கிறேன்."

சுவரோரம் இருந்த மாரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் இருந்த பெண், நாலைந்து மாதமாக அவரோடு பேசாமல் இருந்தவள், அவர் முழங்காலில் கை வைத்ததைப் பார்த்தேன்.

சக்கரபாணி பேசுவதற்குத்தான் நேரமானது. வலையை நிறுத்தினால் ஏலம் எடுத்தவன் என்ன ஆவது என்றார். கடைசியில் வந்த முடிவு இது. கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் அமாவாசையை ஒட்டி ஐந்து நாள் முகத்துவார வலைகளைத் தூக்கிவிடுவது. அந்த நாட்களுக்குத் தக்க ஏலத்தொகையைக் குறைப்பது. மற்ற நாளில் கண் பெரிய வலை மட்டும் கட்டுவது. கைப்பிடிப்புக்குத் தடை கிடையாது. எழுதி, மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள், ரேகை வைத்தார்கள்.

அடுத்த வருஷம் அனுமந்தையில் இறால் கூடியது. சைஸும் கூடியிருந்தது. அந்த வருஷம் மழையும் நன்றாகப் பெய்தது, அதனால் வலையைத் தூக்கியதுதான் காரணம் என்று நான் அறிக்கையில் எழுதவில்லை. இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்றுதான் எழுதினேன். பெரிய கண் வலையில் விழுந்த இறாலுக்கு நல்ல கிராக்கி இருந்ததால் சக்கரபாணியும் ஒப்பந்தத்தை மீறவில்லை. நான் அங்கே இருந்தவரை அது நிலைத்தது.

அறிக்கை 1977 ஆவணியில் அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்கிற பத்தியில் விஞ்ஞானிகளின் பெயர்களுக்குப் பிறகு 'கழுவெளிக் கரையைச் சேர்ந்த திருமதி மாரியம்மாள்' என்று எழுதிக்கொடுத்திருந்தேன். அதிகாரி அதில் கை வைக்கவில்லை. இந்தம்மாவின் பெயரை ஏன் இவ்வளவு கீழே போட்டாய் என்று மட்டும் கேட்டார். அகர வரிசை சார் என்றேன், சிரித்துவிட்டார்.

ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மரக்காணத்துக்குப் போனேன். ஆவணியில் உப்பு வாரிக் குவிக்கிற வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மாரியம்மாளும் பாவாடையும் ஒரே பாத்தியில் நின்றார்கள். பாவாடை கால்களுக்கு லாரி டியூப்பை வெட்டிச் செருப்பாகக் கட்டியிருந்தார். வரப்பில் உட்கார்ந்து அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். மாரியம்மாளுக்குச் சந்தோஷம்தான், முகத்தில் தெரிந்தது. மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு, மத்தவங்க பேரு எங்கே என்று கேட்டார்.

பதின்மூன்று பெண்களின் பெயரும் என் எடை நோட்டில் இருந்தன, அறிக்கையில் இல்லை. அச்சாகிவிட்டதே என்றேன். அவர் வருத்தப்படவுமில்லை, விடவுமில்லை. பேனா இருக்குதா சார் என்றார்.

பக்கத்தின் ஓரத்தில் இடம் இருந்தது. அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இனிஷியல் கேட்டேன், அப்பன் பெயரா புருஷன் பெயரா என்று கேட்டார், இரண்டு பேருக்கு அப்பன் பெயர் தெரியவில்லை. பாவாடை நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு பெயரைத் திருத்தினார். நிலையத்துக்குத் திரும்பியதும் அங்கே நூலகத்தில் இருந்த ஆறு பிரதிகளிலும் அதே பதின்மூன்று பெயர்களை மசியால் எழுதிவைத்தேன். அரசாங்கப் புத்தகத்தில் அப்படி எழுதக் கூடாதுதான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அந்தப் பருவங்களுக்குப் பிறகு எத்தனையோ கரைகளில் எத்தனையோ மீனை அளந்தேன். நான் கொடுத்த எண்களில் சந்தேகமில்லாமல் நம்புவது எதை என்று யாராவது கேட்டால் கழுவெளி எண்கள் என்றுதான் சொல்வேன். அந்த நம்பிக்கையை எனக்குக் கொடுத்தவர் மாரியம்மாள். அன்று வரப்பில் இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேஸ்திரி கூப்பிட்டார். மேற்கே மேகம் திரண்டிருந்தது, மழைக்கு முன்னால் குவியலை ஓலை போட்டு மூடவேண்டும். மாரியம்மாள் எழுந்து போனார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் போய் ஓலை எடுத்துக் கொடுத்தேன்.